ரசிகர்கள் செய்த ஜீர்ணோத்தாரணம்

1988-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க செனட் சபையின் உபகுழு ஒன்றின் முன்னே சாட்சியம் சொல்ல வந்த கலைஞர்களுள், 'ஸ்டார் வார்ஸ்' படத்தைச் சிருஷ்டித்த ஜார்ஜ் லூகாஸும் ஒருவர். பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரின் துணைகொண்டு வர்ணம் பூசித் தொலைக்காட்சிக்கு விற்கும் வியாபாரம் அப்போது அந்நாட்டில் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்டித்துப் பேசிய லூகாஸ், இன்று வர்ணம் பூசுகிறவர்கள் நாளை நடிகர்களின் முகங்களையே மாற்றுவார்கள், வசனத்தைத் திருத்தி அதற்கேற்ப உதடுகளை அசைய வைப்பார்கள், மூல நெகடிவுகள் மறைந்து அவற்றின் ஸ்தானத்தில் திருத்திய நெகடிவுகள் வந்து அமர்ந்துவிடும் என்றெல்லாம் எச்சரித்தார். அவ்வாண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொறுப்பில் தேசியத் திரைப்படப் பதிவேடு ஒன்று ஏற்பட்டது. 1989-ல் அதில் முதன்முதலாக இடம்பெற்ற 25 படங்களுள் 'ஸ்டார் வார்ஸ்' ஒன்று. அவர் அஞ்சிய காரியங்களில் பெரும்பாலானவை பிற்பாடு அந்தப் படத்துக்கும் அதன் தொடர்ச்சிகளுக்குமே நேர்ந்தன, நேர்வித்தவரும் அவரே.

1977 மே 25-ஆம் தேதி வெளியான படத்துக்கு 1981-ல் மறுவெளியீட்டின்போது முகப்பில் ஓர் உபதலைப்புச் சேர்ந்தது. அது அற்ப விஷயம். 1997 ஜனவரி முடிவில், இருபதாண்டு நிறைவையொட்டி 'விசேஷப் பதிப்பு' என்ற பெயரில் படம் மீண்டும் திரைக்கு வந்தபோதுதான் மாற்றம் வெளிப்படையாயிற்று. கம்ப்யூட்டரில் உருவாக்கிய விசித்திரப் பிராணிகள் பாலைவன நகரத்துத் தெருக்களில் நடமாடின. 1977-ல் வெட்டி ஒதுக்கப்பட்ட ஒரு காட்சி, ஜப்பா என்னும் கொள்ளைக்கூட்டத் தலைவனின் உருவத்தைப் புதிதாகப் பொருத்திச் சேர்க்கப்பட்டது. மதுக்கடையில் தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை மேஜைக்கடியிலிருந்து தயக்கமின்றிச் சுட்டுத் தள்ளிய ஹான் சோலோ, கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறிய பிறகே தற்காப்புக்காகச் சுடுகிற கனவானாக மாறினான். பணத்தாசை பிடித்த ஒரு போக்கிரி மெல்ல மெல்ல நல்லவனாவதே அந்தப் பாத்திரத்தின் ரசம். தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால் பின்னால் திருந்துவதற்கு என்ன இருக்கிறது? 2004-ல் டி.வி.டி. வெளிவந்தபோது, மூன்றாம் படத்தின் முடிவில் ஆவியுருவாகத் தோன்றும் முதிய நடிகர் செபாஸ்டியன் ஷா, இறந்து பத்தாண்டுகளாகிவிட்ட நிலையில், அக்காட்சியிலிருந்து அகற்றப்பட்டு அவரிடத்தில் ஹெய்டன் கிறிஸ்டென்சன் என்ற இளம் நடிகர் நின்றார். 2011-ல் புளூ-ரே வந்தபோது, அதே மூன்றாம் படத்தில், மௌனமாக இருந்த ஒரு தருணத்தில் வில்லன் டார்த் வேடர் வாய்விட்டுக் கத்தினார். 2019-ல், நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கிரீடோவின் வாயில் பொருள் விளங்காத ஒரு சொல் முளைத்தது.

ஒரு கலைஞன் தன் படைப்பைத் திருத்திக்கொள்ளலாகாது என்று எவரும் சொல்ல மாட்டார். கவிகளும் நாவலாசிரியர்களும் இரண்டாம் பதிப்பில் திருத்தம் செய்கிறார்கள். ஆனால் முதற்பதிப்பு வாங்கியவர் வீட்டிலும் நூலகத்து அலமாரியிலும் இருந்துகொண்டே இருக்கும். திரைப்படத்தின் நிலைமை வேறு. 1977-ன் வடிவம் 1993-ல் லேசர் டிஸ்க்காக வந்தது. 2006-ல், அந்த லேசர் டிஸ்க்குக்காகத் தயாரித்த பழைய பிரதியிலிருந்தே எடுத்து, டி.வி.டி.யில் ஓர் அனுபந்தமாக, அகலத்திரைத் தொலைக்காட்சியில் நான்கு புறமும் கறுப்புச் சட்டத்துக்குள் சுருங்கித் தெரியும்படி தரப்பட்டது. அதற்குப் பின் வந்த புளூ-ரேயிலும் இணையவழி ஒளிபரப்பிலும் திருத்திய வடிவமே கிடைத்தது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் பார்த்த ஒரு படம், அவர்கள் பார்த்த உருவத்தில், நல்ல தரத்தில், விலை கொடுத்தாலும் கிடைக்காமற் போயிற்று என்பதே ரசிகர்களின் பிரயத்தனத்துக்கு மூலகாரணம்.

தொழிலறிந்த நிபுணர்கள் செய்யவேண்டிய வேலையில் வீட்டிலிருக்கும் ரசிகன் கைவைப்பது தகுமா என்று கேட்பவர்கள் பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸின் 'நெப்போலியன்' படத்தின் கதையைச் சற்று நினைவுகூர வேண்டும். 1927-ல் வெளியான அந்த மௌனப்படம், முடிவில் மூன்று திரைகளுக்கு விரிந்து செல்லும் பிரம்மாண்டமான சிருஷ்டி. கான்ஸே அதை 1935-ல் வெட்டி, பேச்சுச் சேர்த்துப் பேசும்படமாக்கினார். 1971-ல் மறுபடியும் அதைக் கலைத்து, புதிய காட்சிகளுடன் வேறு பெயரில் வெளியிட்டார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1950-களில், லண்டனில் ஒரு பள்ளிச் சிறுவன் வீட்டுப் புரொஜெக்டரில் போட்டுப் பார்ப்பதற்கென்று பாதே கம்பெனி விற்றுவந்த 9.5 மில்லிமீட்டர் சுருளில் அப்படத்தின் சில பகுதிகளைக் கண்டு பிரமித்தான். கெவின் பிரவுன்லோ என்ற அந்தச் சிறுவன் துண்டு துண்டாகச் சேகரிக்கத் தொடங்கி, கான்ஸுக்குக் கடிதம் எழுதி, பிற்காலத்தில் பல நாட்டுக் காப்பகங்களின் பிரதிகளை ஒப்பிட்டு, 1927-ன் வடிவத்தை ஏறத்தாழ மீட்டெடுத்தார். 1979-ல் அமெரிக்காவின் டெல்யுரைடில் அது திரையிடப்பட்டபோது 89 வயதுக் கான்ஸ் அங்கிருந்தார். 1980-ல் லண்டனில் கார்ல் டேவிஸின் இசையுடன் அரங்கேறியது. மூலகர்த்தாவே இரு முறை கலைத்த ஒரு படத்தை, அவருடைய பிந்திய திருத்தங்களைப் புறக்கணித்து மீட்டெடுத்ததற்காக உலகம் பிரவுன்லோவைக் கொண்டாடியது. 2010-ல் அவருக்குக் கௌரவ ஆஸ்கார் விருதும் வந்தது. இன்றைய 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்கள் செய்வதும் தன்மையால் அதுவேதான். வேறுபாடு உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

ரசிகர்களின் முயற்சிகளில் இரு பெரும் போக்குகள் உண்டு. முதலாவதற்குச் சிறந்த உதாரணம் 'டீஸ்பெஷலைஸ்ட் எடிஷன்'. ஹார்மி என்ற புனைபெயர் கொண்ட செக் நாட்டு ரசிகர் ஒருவர், நண்பர் பலரின் உதவியுடன், 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கிப் பல முறை திருத்தி வெளியிட்ட பிரதி அது. அவர் கையாண்ட முறை இது: தெளிவில் மேம்பட்ட அதிகாரபூர்வமான புளூ-ரேயை அடிப்படையாக வைத்துக்கொள்வது, 1997 முதல் நுழைந்தவை வரும் இடங்களில் அவற்றை நீக்கிப் பழைய டி.வி.டி., தொலைக்காட்சி ஒளிபரப்பு, 16 மற்றும் 35 மில்லிமீட்டர் சுருள்களின் ஸ்கேன் என்று எது கிடைக்கிறதோ அதிலிருந்து அந்தக் காட்சியை எடுத்துப் பொருத்துவது. ஒரு காட்சியின் வலப்புறம் மட்டும் மாற்றப்பட்டிருந்தால் வலப்புறத்தை மட்டும் பெயர்த்து ஒட்டுவது. பிறகு எல்லாவற்றின் வர்ணத்தையும் ஒரு பழைய டெக்னிகலர் பிரதிக்கு ஒத்துவரும்படி சமன்செய்வது. ஒரே காட்சிக்குள் இரண்டு மூன்று மூலங்கள் கலந்திருக்கும். ஆனால் பார்ப்பவன் கண்ணுக்குத் தையல் தெரியாது.

இரண்டாவது போக்கு 2018-ல் வெளிவந்த '4கே77'. பெயர் வெளியிடாத ஒரு குழுவினர், புளூ-ரேயைத் தொடாமல், 1977-ல் திரையரங்குகளுக்கென்று அச்சான 35 மில்லிமீட்டர் பிரதியையே ஸ்கேன் செய்தார்கள். படத்தின் 97 சதவீதம் ஒரே டெக்னிகலர் பிரதியிலிருந்து வந்தது என்பது அவர்கள் தரும் கணக்கு. கீறலும் தூசியும் ஓரளவு மிஞ்சும். தெளிவும் ஹார்மியின் பிரதியைவிடச் சில இடங்களில் குறையும்.

ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்து நூல் பதிப்பித்த நம் பண்டிதர்களுக்கு இந்த இரு வழிகளும் புதியவை அல்ல. பல சுவடிகளை ஒப்பிட்டு, இடத்துக்கு இடம் நல்லதென்று தோன்றும் பாடத்தைத் தெரிந்தெடுத்துச் சுத்தமான நூல் ஒன்றைக் கொடுப்பவர் ஒருவர். ஒரு நல்ல சுவடியைத் தேர்ந்து, அதன் பிழைகளோடு உள்ளதை உள்ளவாறே அச்சிடுபவர் மற்றொருவர். முன்னவரின் பதிப்பு வாசிப்பதற்கு இன்பமானது. ஆனால் அந்த உருவில் ஒரு சுவடியும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 'டீஸ்பெஷலைஸ்ட்' பிரதியும் அப்படியே: 1977-ல் எந்தத் திரையரங்கிலும் அது ஓடவில்லை, அதன் பெரும்பகுதி 2000-க்குப் பின் நிறம் மாற்றித் துப்புரவு செய்த அதிகாரபூர்வப் பிரதியின் மேல் கட்டியது. மாலைப்பொழுதில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவருக்கு அதையே நான் சொல்வேன். ஆனால், படம் எப்படி இருந்தது என்று ஆராய விரும்புகிறவர் கீறல் விழுந்த அந்த ஒற்றைப் பிரதியிடம் போவதே நியாயம்.

அந்த ஒற்றைப் பிரதி எப்படி நாற்பதாண்டு தாங்கியது என்பதே சுவையான விஷயம். 1970-களில் சாதாரணமாக அச்சான ஈஸ்ட்மன்கலர்ப் பிரதிகளில் மூன்று சாயங்கள் உண்டு. அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் இருட்டறையில் வைத்திருந்தாலும் விரைவில் மங்கிவிடும். ஆகையால், அக்காலத்துப் பிரதியைத் திறந்தால் ஆகாயம், மணல், முகம் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பாகக் காட்சி தரும். டெக்னிகலரின் சாயமாற்று முறையோ அச்சுத்தொழிலைப் போன்றது. படத்தின் மூன்று வர்ணக்கூறுகளுக்கும் மூன்று தனி ஜெலட்டின் அச்சுச் சுருள்கள் செய்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய சாயத்தில் ஊறவைத்து, வெற்றுச் சுருளின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றியெடுப்பார்கள். அந்தச் சாயங்கள் எளிதில் மங்குவதில்லை. அமெரிக்காவில் 1970-களின் நடுவிலேயே கைவிடப்பட்ட இம்முறை லண்டன் ஆலையில் இன்னும் சில காலம் நீடித்தது. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பிரிட்டிஷ் பிரதிகளில் சில அங்கே அச்சாயின. 1997-ன் விசேஷப் பதிப்பைத் தயாரித்தவர்களே, மங்கிய நெகடிவின் வர்ணத்தைத் தீர்மானிக்க லூகாஸிடமிருந்த ஒரு டெக்னிகலர் பிரதியைப் பிரமாணமாகக் கொண்டார்கள் என்பது, ரசிகர்களின் தேர்வு சரியானது என்பதற்குப் போதிய சான்று. 2025 ஜூன் மாதத்தில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் நடத்திய விழாவில் தன் காப்பகத்தில் குளிரூட்டிப் பாதுகாத்த அத்தகைய பிரதி ஒன்றைத் திரையிட்டபோது, பொதுமக்கள் அந்த வர்ணங்களை மீண்டும் திரையிலேயே காண முடிந்தது.

வேலையின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் 121 நிமிஷப் படத்துக்கு 1,74,240 சட்டகங்கள். சுருளின் நீளம் 10,900 அடிக்குச் சற்றுக் குறைவு. 4கே தரத்தில் ஸ்கேன் செய்த ஒரு சட்டகம் சுமார் 50 மெகாபைட் என்றால், முழுப்படமும் எட்டு டெராபைட்டைத் தாண்டும். இவ்வளவையும் தூசி துடைக்க மனிதக் கையால் இயலாது, மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருள் செய்வது இதுதான்: ஒரு சட்டகத்தில் இருந்து, முந்திய சட்டகத்திலும் பிந்திய சட்டகத்திலும் இல்லாத புள்ளியைத் தூசி என்று தீர்மானித்து, அக்கம்பக்கத்துச் சட்டகத்திலிருந்து கடன் வாங்கி அதை மூடிவிடும். நாடகப் படத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒரு சட்டகத்தில் தோன்றி மறுசட்டகத்தில் மறையும் தீப்பொறி, ஒளிக்கற்றை, வெடித்துச் சிதறும் துண்டு ஆகியவற்றாலேயே நிறைந்த ஒரு படத்தில், தூசியையும் சிருஷ்டியையும் அந்த யந்திரம் ஒருங்கே விழுங்கிவிடும். ஆகையால், பொறுமையுள்ளவர்கள் அந்தக் காட்சிகளைக் கண்ணால் சோதித்துக் கையால் திருத்துகிறார்கள். பொறுமையற்றவர்கள் எல்லாவற்றையும் வழவழப்பாக்கி, முகங்களை மெழுகுப் பொம்மைகளாக்கிவிடுகிறார்கள். படச்சுருளின் இயல்பான கிரெயின் என்னும் நுண்துகள்களை அழுக்கென்று கருதித் துடைப்பது இத்துறையின் பெரும் பாவம். அதைப் பெரிய கம்பெனிகளும் செய்கின்றன, ரசிகர்களும் செய்கிறார்கள்.

இதைவிட நுட்பமான ஒரு தர்மசங்கடம் உண்டு. 1977-ன் விண்கலக் காட்சிகள், தனித்தனியே படமெடுத்த மாதிரிக் கலங்களையும் நட்சத்திர வெளியையும் ஒளியியல் அச்சு யந்திரத்தில் ஒன்றுசேர்த்து உண்டாக்கியவை. அவ்வாறு சேர்க்கையில் கலத்தைச் சுற்றிலும் கட்டம்போல ஓர் இலேசான நிறவேறுபாடு விழும். திரையரங்குப் பிரதியின் அழுத்தமான கருமையில் அது பெரும்பாலும் மறைந்துபோனது. வீடியோவுக்கு மாற்றும்போது இருளை வெளிறவிட்டதால் கட்டங்கள் பளிச்சென்று தெரிந்தன. இப்போது மீட்பவர் அதை அழிக்கலாமா? அழித்தால் சுருளில் உள்ளதை அழித்தவராகிறார். விட்டால் 1977-ன் பார்வையாளர் காணாததைக் காட்டியவராகிறார். கருமையை மட்டும் பழைய அளவுக்கு இறக்கிவிட்டு, மற்றதைத் தொடாமல் விடுவதே என் அபிப்பிராயத்தில் சரியான வழி. ஏனெனில் அது புதிதாக எதையும் வரைவதில்லை.

வர்ணத்தைப் பற்றி ரசிகர்களுக்குள் நடக்கும் வாதங்கள் சமயவாதங்களை ஒத்த உக்கிரம் கொண்டவை. அவற்றை முழுதும் கேட்கப் பொறுமையில்லாதவர் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்: 1977-ன் வர்ணம் என்று ஒற்றை வர்ணம் இருந்ததேயில்லை. டெக்னிகலர் பிரதிக்கும் ஈஸ்ட்மன்கலர்ப் பிரதிக்கும் வேற்றுமை. ஒரே ஆலையின் இரண்டு பிரதிகளுக்குள்ளும் வேற்றுமை. அரங்கின் விளக்குக்கு ஏற்ப மேலும் வேற்றுமை. ஸ்கேனர் காணும் நிறமும், விளக்கொளி ஊடுருவித் திரையில் விழும்போது கண் காணும் நிறமும் ஒன்றல்ல. ஆகவே 'சரியான வர்ணம் இதுவே' என்று சாதிப்பவரைவிட, 'இன்ன பிரதியை இன்ன அளவுகோலால் சமன்செய்தேன்' என்று எழுதிவைப்பவரே நம்பத் தகுந்தவர்.

ஒலியிலும் இதே பன்மை. 70 மில்லிமீட்டர் பிரதிக்கு ஆறு தடக் கலவை, 35 மில்லிமீட்டருக்கு டால்பி ஸ்டீரியோ, ஸ்டீரியோ வசதியில்லாத அரங்குகளுக்கு மோனோ என மூன்று கலவைகள் 1977-லேயே இருந்தன. கடைசியாக முடிக்கப்பட்ட மோனோவில் சில வசனங்கள் வேறு. கதாநாயகனின் அத்தையான பெரூவின் குரலே வேறு. அதிகாரபூர்வ வெளியீடுகள் அசட்டை செய்த அந்த மோனோ, பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பை வீட்டில் டேப்பில் பதிவுசெய்து வைத்திருந்தவர்களின் தயவால் மீண்டது. காப்பகங்களுக்கு எட்டாத சில சான்றுகள் சாமானியர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்பதை மறுக்க முடியாது.

முடிக்கப்படாத படத்தை ரசிகர் 'மீட்பது' வேறு ரகம். ரிச்சர்ட் வில்லியம்ஸ் 1964-ல் தொடங்கி ஏறத்தாழ முப்பதாண்டு உழைத்த 'தி தீஃப் அண்ட் தி காப்ளர்' என்ற சித்திரப்படம் 1992-ல் அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டு, பிறரால் பாட்டும் வசனமும் சேர்த்து ஒப்பேற்றப்பட்டு, 1993-லும் 1995-லும் இரு வேறு சிதைந்த உருவங்களில் வெளிவந்தது. 2006 முதல் ஒரு ரசிகர், கள்ளத்தனமாகச் சுற்றிவந்த அரைகுறைப் பிரதியையும் வெளியான வடிவங்களையும் இணைத்து, வில்லியம்ஸின் நோக்கத்துக்கு நெருக்கமான ஒரு பிரதியை உருவாக்கினார். அதைப் பார்த்தே அந்த மேதையின் பெருமையைத் தெரிந்துகொண்டவர்கள் அநேகர். ஆயினும் அங்கே பென்சில் கோடுகளாக நின்றுபோன காட்சிகளை எவ்வளவு நேரம் நிறுத்துவது, எந்த இசையைப் போடுவது என்பதெல்லாம் ரசிகரின் ஊகம். 'ஸ்டார் வார்ஸ்' விஷயத்தில் முடிந்த பிரதி ஒன்று சாட்சியாக நிற்கிறது. இங்கே அந்தச் சாட்சி இல்லை. இரண்டையும் மீட்பு என்ற ஒரே பெயரால் அழைப்பது பொருந்தாது.

மூலகர்த்தாவின் உரிமையைக் காட்டி லூகாஸுக்காக வாதாடுவோர் உண்டு. செனட்டில் அவர் கண்டித்தது, கலைஞனின் சம்மதமின்றிப் பிறர் செய்யும் சிதைவை. தன் படத்தைத் தானே மாற்றுவது அந்தக் கண்டனத்துக்குள் அடங்காது என்பது அவர்கள் கட்சி. முதற்படத்தைப் பொறுத்தவரை இந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் இரண்டாம் படத்தை இயக்கியவர் இர்வின் கெர்ஷ்னர். மூன்றாவதை இயக்கிய ரிச்சர்ட் மார்க்வாண்ட், விசேஷப் பதிப்புக்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்பே, 1987-ல் காலமானவர். அவருடைய சம்மதத்தை எவர் கேட்டார்? முதற்படத்திலும் காட்சிஜால வேலைக்காக ஆஸ்கார் பெற்ற ஐவரின் கைவேலையில் ஒரு பகுதி கம்ப்யூட்டர் சித்திரத்தால் மறைக்கப்பட்டது. நூறு பேர் கூடிச் செய்த பொருளில் ஒருவருடைய பிந்திய விருப்பம் மற்றவர்களின் முந்திய உழைப்பை முற்றாக மறைப்பதற்கு, சொத்துரிமையைத் தவிர வேறு ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சொத்துரிமை 2012-ல் டிஸ்னி கம்பெனியின் கைக்குப் போயிற்று. சட்டத்தின் கண்ணில் ரசிகர் பிரதிகள் யாவும் அனுமதியற்றவை. விற்பதில்லை, அதிகாரபூர்வப் பிரதியை வாங்கியவர் மட்டுமே பார்க்க வேண்டும் என்று அவர்கள் தமக்குள் விதித்துக்கொண்ட நியமங்கள் நல்லெண்ணத்தைக் காட்டுமேயொழியப் பாதுகாப்பு அளிக்கமாட்டா. அதன் விளைவு, இந்த உழைப்பு எந்தப் பொதுக் காப்பகத்திலும் முறைப்படி நுழைய முடியாது என்பது. கம்பெனிப் பெயரில் வெளியான படத்துக்கு அமெரிக்கச் சட்டம் தரும் காப்பு 95 ஆண்டு. 2072 முடிந்த பிறகே 1977-ன் 'ஸ்டார் வார்ஸ்' பொதுச்சொத்தாகும். அப்போது அதைப் பதிப்பிக்க முனைகிறவருக்கு, ஒருவருடைய ருசிப்படி துடைத்து மெருகிட்ட பிரதியால் அதிகப் பயனில்லை. துடைக்காத முதல் ஸ்கேனும், எந்தச் சுருள், எந்த யந்திரம், எங்கே என்ன மாற்றப்பட்டது என்ற குறிப்பும்தான் வேண்டும். இன்று அவை தனிமனிதர்களின் ஹார்ட் டிஸ்குகளில் கிடக்கின்றன. அந்தத் தட்டுகள் சில ஆண்டுகளில் பழுதாகக்கூடியவை. அவற்றில் பிரதியெடுக்கப்பட்ட டெக்னிகலர்ச் சுருளோ ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்தும் நிறம் கெடாமல் இருக்கிறது. மெருகிட்ட பிரதியைப் பரப்புவதில் ரசிகர்கள் காட்டும் உற்சாகத்தில் பாதியை, மெருகிடாத ஸ்கேனைப் பல இடங்களில் பிரதிசெய்து வைப்பதில் காட்டினால், அவர்கள் செய்த ஜீர்ணோத்தாரணத்தைச் சரிபார்க்கவும், வேண்டுமானால் மறுத்து வேறொன்று செய்யவும் பின்வருவோருக்கு வசதி உண்டாகும்.